ஈசிபிஜி முன்செயலியில் ஒரு வழுவைத் திருத்தி அனுப்புவது எப்படி: வன்னியிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சி நிரலுக்குள்ளேயே எஸ்க்யூஎல் கட்டளைகளை எழுதி, அதை ஒரு முன்செயலியிடம் கொடுத்துச் சாதாரண சி கோப்பாக மாற்றி, பிறகு கம்பைல் செய்கிறவர்களுக்கான குறிப்பு இது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு வரும் அந்த முன்செயலியின் பெயர் ஈசிபிஜி. நான் பராமரிக்கும் நெல் கொள்வனவுக் கணக்கு நிரல் அப்படிப்பட்டதுதான். முன்பு இன்ஃபார்மிக்ஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தில் ஓடியதைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியிருக்கிறோம். அறுவடை நேரத்தில் ஒரு பிழை வந்து, தேடிப் பார்த்தால் அது எங்கள் நிரலில் இல்லை, முன்செயலியில் இருந்தது. திருத்தம் சில வரிகள்தான். அதைக் கண்டுபிடித்து, சோதித்து, உரிய இடத்தில் சேர்ப்பதற்கான வழியைத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுப்பதற்குத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும், பம்பைமடுவில் கணினி படிக்கிற பிள்ளைகளும், பழைய சி நிரலைத் தலையில் வாங்கிக்கொண்ட என் போன்றவர்களும் அந்தப் பாட்டைத் திரும்பப் படத் தேவையில்லை. உபுண்டு லினக்ஸ் உங்களிடம் இருக்கிறது, சி ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. வழு யாருடையது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

அதிக நேரம் வீணாகும் இடம் இதுதான். பிழை நான்கு இடங்களில் இருக்கலாம்: உங்கள் நிரல், தரவுத்தள சேவையகம், ஈசிபிஜியின் இயக்கநேர நூலகம் (நிரல் ஓடும்போது சேவையகத்தோடு பேசும் பகுதி), முன்செயலி. பிரிக்காமல் இறங்கினால் தப்பான கோப்பில் நாட்கணக்கில் தேடுவீர்கள்.

பிரிக்கும் முறை இது. சிக்கல் தரும் எஸ்க்யூஎல் வரியை மட்டும் எடுத்து, போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் நேரடியாக ஓட்டுங்கள். அங்கேயும் பிழை வந்தால் முன்செயலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே சரியாக ஓடினால், உங்கள் பிஜிசி கோப்பை (எஸ்க்யூஎல் கலந்து நீங்கள் எழுதிய மூலக் கோப்பை) ஈசிபிஜியிடம் கொடுத்து, அது உண்டாக்கும் சி கோப்பைத் திறந்து வாசியுங்கள். பலர் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. அதில் உங்கள் கட்டளை ஈசிபிஜி-டூ என்ற ஃபங்ஷன் அழைப்பாக மாறி, எஸ்க்யூஎல் வாசகம் மேற்கோள் குறிக்குள் இருக்கும். வாசகம் சிதைந்திருந்தாலோ, மாறிகளின் வகை தப்பாக இருந்தாலோ, வர வேண்டிய வரி வராமல் வரக்கூடாத வரி வந்திருந்தாலோ குற்றம் முன்செயலியில். சி கோப்பு சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் தப்பினால் இயக்கநேர நூலகத்தைப் பாருங்கள். நிரலின் தொடக்கத்தில் ஈசிபிஜி-டீபக் ஃபங்ஷனை 1, எஸ்டிடி-எர் என்ற இரண்டு மதிப்புகளோடு அழைத்தால், நூலகம் சேவையகத்துக்கு என்ன அனுப்புகிறது என்பதெல்லாம் திரையில் வரும்.

ஒரு பொறி இருக்கிறது. சி கம்பைலர் காட்டும் பிழையின் வரி எண், சி கோப்பின் வரி எண்ணாக இராது. முன்செயலி ஆங்காங்கே ஹேஷ்-லைன் என்ற குறிப்பை இட்டுவைப்பதால், கம்பைலர் உங்கள் பிஜிசி கோப்பின் வரியைச் சொல்லும். வழக்கமான வேலைக்கு அது வசதி. முன்செயலியையே சந்தேகிக்கும்போது குழப்பம். சி கோப்பின் ஒரு நகலில் அந்த ஹேஷ்-லைன் வரிகளை எல்லாம் அழித்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். உண்மையான இடம் தெரியும்.

இன்ஃபார்மிக்ஸ் ஒத்திசைவு முறையில், அதாவது ஈசிபிஜிக்குப் பெரிய எழுத்து சி தெரிவைக் கொடுத்து, ஓட்டுகிறவர்கள் அது இல்லாமலும் ஒருதடவை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

2. ஒரு திரைக்குள் அடங்கும் உதாரணக் கோப்பை எழுதுங்கள்

உங்கள் நிரலை அப்படியே யாருக்கும் அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. பிழையை மட்டும் காட்டும் மிகச் சிறிய பிஜிசி கோப்பு வேண்டும். என் அனுபவத்தில் திருத்தத்தைவிட இந்தக் கோப்புக்குத்தான் மதிப்பு அதிகம். இது தெளிவாக இருந்தால் உங்கள் திருத்தம் சரியில்லாவிட்டாலும் வேறொருவர் திருத்திவிடுவார். இது இல்லாவிட்டால் நல்ல திருத்தம்கூடத் தேங்கிக் கிடக்கும்.

ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட உண்மையான வழு ஒன்றை எடுத்துப் பழகுங்கள். ஈசிபிஜியில் நிபந்தனைக் கிளைகள் உண்டு: எக்ஸெக் எஸ்க்யூஎல் என்று தொடங்கி இஃப்டெஃப், எலிஃப், எல்ஸ், எண்டிஃப் என்று எழுதுவது. 2020-இல் திருத்தும் வரை எலிஃப் தப்பாக நடந்துகொண்டது. முதல் கிளை பொருந்தியிருந்தாலும் அதன் பிறகு வரும் எலிஃப் கிளையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பழைய கிளையை மூடிவிட்டுப் புதிதாக ஓர் இஃப்டெஃப் தொடங்கியது போலவே அது எடுத்துக்கொண்டது.

இதைக் காட்ட எவ்வளவு தேவை? கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இரண்டு பெயர்களை எக்ஸெக் எஸ்க்யூஎல் டிஃபைன் மூலம் வரையறுங்கள். இஃப்டெஃப் கிளிநொச்சி என்றால் ஒரு பிரிண்ட்எஃப் வரி, எலிஃப் முல்லைத்தீவு என்றால் இன்னொன்று, எல்ஸ் என்றால் மூன்றாவது. சி கோப்பில் முதல் வரி மட்டும்தான் இருக்க வேண்டும். பழைய பதிப்பில் முதல் இரண்டும் இருக்கும். தரவுத்தளமே தேவையில்லை. முன்செயலி சேவையகத்தோடு பேசுவதில்லை, அது வெறும் எழுத்தை எழுத்தாக மாற்றும் கருவி. அதனால் இந்த வேலைக்குப் பழைய மடிக்கணினியே போதும்.

கவனம்: உதாரணக் கோப்பில் விவசாயிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதுவும் இருக்கக்கூடாது. நீங்கள் அனுப்பும் மடல் பொதுவெளியில் நிரந்தரமாக இருக்கும். பிறகு அழிக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

3. என்ன கடதாசி வேண்டும், எவ்வளவு செலவு

இங்கே எதற்கும் கிராம சேவகரின் கையெழுத்தோடு போய்ப் பழகியவர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். போஸ்ட்கிரெஸுக்குத் திருத்தம் அனுப்ப எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. உரிமை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடையாது, அடையாள அட்டை நகல் கிடையாது, கட்டணம் கிடையாது. போஸ்ட்கிரெஸ் உரிமத்தின் கீழ் வெளியிடச் சம்மதம் என்ற அடிப்படையில்தான் திருத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். பட்டம் இருக்கிறதா, எந்தக் கம்பனி என்றும் யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு கடதாசியை மட்டும் எடுத்துப் பாருங்கள்: உங்கள் வேலை ஒப்பந்தம். வேலை நேரத்தில் எழுதும் நிரல் முழுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருக்கலாம். அப்படியிருந்தால், திருத்தத்தைப் பொதுவில் கொடுக்கிறேன் என்று மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, சரி என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு என்றால் டேட்டாதான். போஸ்ட்கிரெஸ் மூலநிரலை முழு வரலாற்றோடு கிட் குளோன் செய்தால் (உங்கள் கணினிக்குப் பிரதியெடுத்தால்) சில நூறு எம்பி போகும். அதைவிட மோசமான விஷயம், குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஒட்டுசுட்டான் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் இருந்து இழுத்தால் டேட்டா முழுவதும் வீணாகும். டெப்த் 1 என்ற தெரிவோடு குளோன் செய்யுங்கள். கடைசி நிலை மட்டும் வரும், அளவு பல மடங்கு குறையும். அதில் பழைய மாற்றங்களின் வரலாறு இருக்காது. வரலாறும் வேண்டும் என்றால், நல்ல இணைப்பு கிடைக்கும் நாளில் கிட் ஃபெட்ச் கட்டளைக்கு டீப்பன் தெரிவைக் கொடுத்துச் சிறிது சிறிதாக ஆழப்படுத்தலாம். இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் இருந்தால் அதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வன்தட்டில் 5 ஜிபி காலியாக இருந்தால் தாராளம்.

4. கருவிகளை நிறுவி ஒருமுறை முழுதாகக் கட்டுங்கள்

தேவையானவை: ஜிசிசி, மேக், பைசன், ஃபிளெக்ஸ், பெர்ல், ரீட்லைன், இசட்லிப், ஐசியு ஆகியவற்றின் டெவ் பொதிகள், பிகேஜி-கான்ஃபிக். எல்லாம் உபுண்டுவின் ஆப்ட் மூலமே கிடைக்கும். ஐசியு கிடைக்கவில்லை என்று, கட்டுவதற்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் நிரல் நின்றால் பயப்பட வேண்டாம். 16-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே கேட்கப்படுகிறது. விதவுட்-ஐசியு என்று சொன்னால் விட்டுவிடும்.

கான்ஃபிகருக்கு மூன்று தெரிவுகளைக் கொடுங்கள்: பிரிஃபிக்ஸ் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஓரிடம், இனேபிள்-டீபக், இனேபிள்-கசர்ட். கடைசியாகச் சொன்னது முக்கியம். உள்ளே நடக்கும் தவறுகளை அது உடனே நிறுத்திக் காட்டும். பிறகு மேக். பழைய மடிக்கணினியில் முதல் தடவை அரை மணி நேரம்கூட ஆகலாம். அதன்பின் ஈசிபிஜி கோப்புறைக்குள் மட்டும் மேக் செய்தால் போதும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

இங்கே மூன்று பொறிகள். சூடோ போட்டு ரூட்டாக எதையும் செய்யாதீர்கள், சோதனைச் சேவையகம் ரூட்டின் கீழ் ஓட மறுக்கும். இரண்டாவது, உபுண்டுவோடு வந்த பழைய ஈசிபிஜியும் கணினியில் இருக்கக்கூடும். நீங்கள் திருத்தியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்று ஆகிவிடும். விச் ஈசிபிஜி என்று கேட்டு உறுதிசெய்யுங்கள், அல்லது முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுங்கள். மூன்றாவது நமது பிரச்சினை: கட்டும் நடுவில் கரண்ட் போனால், மீண்டும் மேக் என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்தான். ஆனால் பாதி எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் கோப்பு ஏதாவது வெறுமையாக இருந்து, விளங்காத லிங்கர் பிழை வரும். அப்போது மேக் கிளீன் செய்துவிட்டு ஆரம்பத்திலிருந்து கட்டுங்கள்.

கட்டி முடிந்ததும் உங்கள் உதாரணக் கோப்பைப் புதிய ஈசிபிஜியில் ஓட்டிப் பாருங்கள். வழு அங்கே இல்லையென்றால் ஏற்கெனவே யாரோ சரிசெய்துவிட்டார்கள். பதிப்பை உயர்த்துவதோடு வேலை முடிந்தது.

5. எந்தக் கோப்பைத் தொடுவது

எல்லாம் எஸ்ஆர்சி, அதற்குள் இன்டர்ஃபேசஸ், அதற்குள் ஈசிபிஜி என்ற கோப்புறையில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதிலுள்ள ப்ரீப்ராக். பக்கத்திலிருக்கும் ஈசிபிஜிலிப் என்பது இயக்கநேர நூலகம்.

எழுத்துகளைப் பிரித்து எடுக்கும் வேலை பிஜிசி.எல் என்ற ஃபிளெக்ஸ் கோப்பில் நடக்கிறது. மேற்கோள் குறி, குறிப்புரை, டிஃபைன், இஃப்டெஃப், இன்க்ளூட் தொடர்பான வழுக்கள் பெரும்பாலும் இங்கேதான். எலிஃப் சிக்கலும் இங்கேதான் இருந்தது. இந்தக் கோப்பை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: முன்செயலி எந்நேரமும் சி நிலையில் அல்லது எஸ்க்யூஎல் நிலையில் இருக்கிறது. ஒரே குறி இரண்டு நிலையிலும் வெவ்வேறாக நடத்தப்படும். எஸ்க்யூஎல் குறிப்புரைக்குள் இன்னொரு குறிப்புரை வரலாம், சி-யில் வர முடியாது. ஒரு நிலைக்குத் திருத்தி மற்ற நிலையைக் கெடுப்பது சுலபம். இரண்டையும் சோதியுங்கள்.

இலக்கணம் தொடர்பான வழுவா? அப்போது ப்ரீப்ராக்.ஒய் என்ற பைசன் கோப்பு கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். அந்தக் கோப்பு கட்டும்போது தானாக உண்டாவது. சேவையகத்தின் சொந்த இலக்கணக் கோப்பான கிராம்.ஒய்-ஐ எடுத்து, பார்ஸ்.பிஎல் என்ற பெர்ல் நிரல் அதை உருவாக்குகிறது. நீங்கள் அதில் எழுதுவதெல்லாம் அடுத்த தடவை அழிந்துவிடும். தொட வேண்டியவை ஈசிபிஜி.ஹெடர், ஈசிபிஜி.டிரெய்லர், ஈசிபிஜி.டோக்கன்ஸ், ஈசிபிஜி.டைப், ஈசிபிஜி.ஆடான்ஸ் என்ற கோப்புகள். ஈசிபிஜிக்கு மட்டுமே உரிய விதிகள் டிரெய்லரில் இருக்கும். சேவையக இலக்கணத்திலுள்ள விதிக்கு ஈசிபிஜி வேறுவிதமாக நடக்க வேண்டுமென்றால் ஆடான்ஸில் எழுத வேண்டும். கிராம்.ஒய் கோப்பை ஈசிபிஜிக்காக மாற்றக் கூடாது, அது சேவையகத்தையே மாற்றிவிடும்.

புதிய விதி எழுதினால் இலக்கண மோதல் ஒன்றுகூட அனுமதிக்கப்படாது. எக்ஸ்பெக்ட் 0 என்று எழுதிவைத்திருப்பதால் பைசன் அங்கேயே நின்றுவிடும். எண்ணைக் கூட்டி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள், யாரும் ஏற்கமாட்டார்கள். புதிய சொல் சேர்த்தால், சொற்பட்டியலில் அகரவரிசை தவறாமல் வையுங்கள்.

திருத்தம் சிறியதாக இருக்கட்டும். போகிற போக்கில் கண்ணில் பட்ட இடைவெளிகளையும் பழைய குறிப்புகளையும் சீர்செய்ய வேண்டாம். சரிபார்ப்பவருக்கு எது திருத்தம், எது ஒழுங்குபடுத்தல் என்று தெரியாமல் போகும். உள்தள்ளலுக்கு டேப், நான்கு இட அகலம்.

6. சோதனை இல்லாத திருத்தம் பாதித் திருத்தம்

ஈசிபிஜி கோப்புறைக்குள் நின்று மேக் செக் என்று கொடுங்கள். தற்காலிகச் சேவையகம் ஒன்றைத் தானே தொடங்கி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, நிறுத்திவிடும். உங்கள் உண்மையான தரவுத்தளத்தைத் தொடாது.

ஒவ்வொரு சோதனைக்கும் எதிர்பார்க்கும் விடையாக மூன்று கோப்புகள் எக்ஸ்பெக்டட் கோப்புறையில் இருக்கும்: உண்டாக வேண்டிய சி கோப்பு, எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர். ஓடிவந்த விடை ரிசல்ட்ஸ் கோப்புறையில் விழும். வித்தியாசம் இருந்தால் ரெக்ரஷன்.டிஃப்ஸ் என்ற கோப்பில் வரும். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். ரிசல்ட்ஸை அப்படியே எக்ஸ்பெக்டட் மேல் நகலெடுத்தால் எல்லாம் பச்சையாகிவிடும், வழுவையும் சரியான விடை என்று பதிந்துவிட்டீர்கள். ஒவ்வொரு வரியாக வாசித்து, இது ஏன் மாறியது என்று விளங்கிய பிறகுதான் நகலெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் சோதனையில் ஒரு வரி சேர்த்தாலும், ஹேஷ்-லைன் எண்கள் அதற்குப் பிறகு முழுக்க நகர்ந்து வித்தியாசம் நீளமாகத் தெரியும். முடிந்தவரை கோப்பின் கடைசியில் சேருங்கள். சின்ன வழுவுக்குப் பழைய சோதனையில் சேர்ப்பதே நல்லது. எலிஃப் போன்றதற்கு டிஃபைன் என்ற பெயரில் சோதனை இருக்கிறது. புதிய சோதனைதான் வேண்டுமென்றால் மேக்ஃபைல், மீசான்.பில்ட், ஈசிபிஜி-ஷெட்யூல், கிட்-இக்னோர் ஆகியவற்றில் பெயரைச் சேர்க்க வேண்டும். மேக் போலவே கட்டப் பயன்படும் இன்னொரு கருவியான மீசானை மறப்பவர்கள் நிறைய.

கடைசியில் உங்கள் திருத்தத்தை மட்டும் விலக்கிவிட்டு, சோதனையை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அப்போது சோதனை தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அது எதையும் சோதிக்கவில்லை.

7. அனுப்புதல்

கிட்ஹப்பில் இருப்பது பிரதி மட்டும். அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டால் ஏற்கமாட்டார்கள். கிட் ஃபார்மட்-பேட்ச் கட்டளையால் திருத்தத்தை ஒரு கோப்பாக (இதுதான் பேட்ச்) எடுத்து, பிஜிஎஸ்க்யூஎல்-ஹேக்கர்ஸ் என்ற மடற்குழுவின் முகவரிக்கு மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புங்கள். மடலின் உடலுக்குள் ஒட்டினால் வரிகள் உடைந்து பேட்ச் பயன்படாமல் போகும். அனுப்பும் முன் சந்தாதாரராகச் சேர்ந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மடல் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும்.

மடலில் இருக்க வேண்டியது: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், உதாரணக் கோப்பு, என்ன வருகிறது, என்ன வர வேண்டும், காரணம், திருத்தம். ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். வணக்கமும் பணிவும் நீளமாக வேண்டியதில்லை. பதில் வந்தால் எல்லாருக்கும் பதில் என்பதை அழுத்தி, அவர்கள் எழுதியதன் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். மாற்றச் சொன்னால் வி2, வி3 என்று எண்ணிட்டு முழுப் பேட்சையும் மறுபடி அனுப்புங்கள்.

நினைவக வரம்பு மீறல் போல, பிறர் தாக்கப் பயன்படுத்தக்கூடிய வழு என்று சந்தேகம் இருந்தால் பொதுவில் எழுதாமல் போஸ்ட்கிரெஸின் செக்யூரிட்டி முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

8. காலக் கணக்கு

பதில் ஒரே நாளிலும் வரலாம், வாரக் கணக்கிலும் ஆகலாம். பதில் தருபவர்களில் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதால் மடல்கள் நமது மாலையிலும் இரவிலும்தான் வரும். இரண்டு வாரம் அமைதி என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

பேட்ச் காணாமல் போகாதிருக்க, பேட்ச்களைச் சுற்றுச் சுற்றாகச் சரிபார்க்கும் கமிட்ஃபெஸ்ட் தளத்தில் பதியுங்கள். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் சரிபார்ப்பு நடக்கும். பதிந்தால் லினக்ஸ் மட்டுமன்றி விண்டோஸ், மேக்ஓஎஸ் போன்றவற்றிலும் உங்கள் பேட்ச் தானாகவே கட்டிச் சோதிக்கப்படும். நம்மிடம் இல்லாத கணினிகளில் இலவசமாகச் சோதனை நடப்பது பெரிய வசதி. நீங்கள் ஒன்று பதிந்தால், இன்னொருவரின் பேட்ச் ஒன்றைச் சரிபார்த்துக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். செய்யுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. நவம்பர் சுற்றை நம்பி இருக்காதீர்கள் என்பது என் கருத்து. மாரி மழையில் கரண்டும் சிக்னலும் அடிக்கடி போகும் மாதம் அது, பதில் எழுத முடியாமல் தவிப்பீர்கள். செப்டம்பருக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

வழுத் திருத்தத்தை எந்த நேரத்திலும் சேர்க்கலாம், கமிட்ஃபெஸ்ட் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்றால் பெரும்பாலும் ஆதரவில் உள்ள பழைய பதிப்புகளிலும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு. சிறு வெளியீடுகள் பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழனில் வரும். அதாவது, ஏற்கப்பட்ட திருத்தம் உங்கள் கைக்கு வர மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை நிரலில் சுற்றுவழி வைத்துக்கொள்ளுங்கள். எலிஃப் என்றால், எல்ஸ் கிளைக்குள் இன்னோர் இஃப்டெஃப் எழுதினாலே போதும்.

புதிய வெளியீட்டை நிறுவியதும் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. நூலகத்தில் இருந்த வழு என்றால் நூலகத்தை உயர்த்தி நிரலை மீண்டும் தொடங்கினால் தீர்ந்துவிடும். முன்செயலியின் வழு அப்படித் தீராது. பழைய முன்செயலி உண்டாக்கிய சி கோப்பில் அது ஏற்கெனவே பதிந்திருக்கிறது. எல்லா பிஜிசி கோப்புகளையும் புதிய ஈசிபிஜியில் மறுபடி ஓட்டி, கம்பைல் செய்து, ஒவ்வொரு கிளை அலுவலகக் கணினியிலும் புதிய நிரலை வையுங்கள். மேக்ஃபைல் பிஜிசி கோப்பின் திகதியை மட்டும் பார்ப்பதால், எதுவும் மாறவில்லை என்று பழைய சி கோப்பையே வைத்துக்கொள்ளும். ஆகவே உண்டான சி கோப்புகளை முதலில் அழித்துவிட்டு மேக் கொடுங்கள்.